பொன்னாடைக்கு 40 ஆயிரம்

கேள்வி: குடியாத்தத்தில் பத்துப் பேர் சேர்ந்து வாசகர் வட்டம் நடத்துகிறோம். எங்கள் ஊர் நெசவாளர்களின் வாய்மொழி வரலாற்றைத் தொகுத்து மக்கள் முன் வைக்க, 2 லட்சம் ரூபாய் கேட்டு ஓர் அறக்கட்டளைக்கு விண்ணப்பித்தோம். நிராகரித்துவிட்டார்கள். மண்ணின் வரலாற்றுக்கு இங்கே மதிப்பே இல்லையா? (விண்ணப்பத்தின் நகலை இணைத்துள்ளோம்.)
- ஒரு வாசகர், குடியாத்தம்

பதில்: நகலை இணைத்தது நல்லதாகப் போயிற்று. இல்லாவிட்டால் நானும் உங்களோடு சேர்ந்து அந்த அறக்கட்டளையைத் திட்டியிருப்பேன்.

மேடை, பந்தல், மைக்செட் 70 ஆயிரம். பொன்னாடை, நினைவுப் பரிசு 40 ஆயிரம். சென்னையிலிருந்து வரும் சிறப்பு விருந்தினருக்குக் காரும் அறையும் 30 ஆயிரம். ஃப்ளெக்ஸ், அழைப்பிதழ் 25, சாப்பாடு 25. நெசவாளரிடம் போய்க் கதை கேட்பதற்கு மிச்சம் 10 ஆயிரம்! வாய்மொழி வரலாறு என்று தலைப்புப் போட்டு, விழாவுக்குப் பணம் கேட்டிருக்கிறீர்கள்.

தறியில் இருப்பவரை அரை நாள் பேச வைத்தால் அவருக்கு அரை நாள் கூலி போகும். அதற்கு உங்கள் பட்டியலில் ஒரு ரூபாய் கூட இல்லை. பதிவு செய்த ஒரு மணி நேரப் பேச்சை எழுத்தாக்க ஐந்தாறு மணி நேரமாவது பிடிக்கும். பாவு, ஊடை, தார் என்று அவர் சொல்லிக்கொண்டே போவார். பிழையில்லாமல் எழுத நெசவு தெரிந்த ஒருவர் பக்கத்தில் உட்கார வேண்டும். அவருக்கும் கூலி உண்டு. செலவு இங்கேதான் இருக்கிறது, மேடையில் இல்லை.

நிதி தருபவர்கள் யோக்கியர்கள் என்று சொல்ல வரவில்லை. 1975-ஆம் ஆண்டுச் சங்கப் பதிவுச் சட்டப்படி பதிவு உண்டா, தணிக்கை செய்த கணக்கு எங்கே என்று கேட்டால் பத்துப் பேர் கொண்ட வட்டம் எங்கே போகும்? ஐம்பதாயிரம் கேட்பவரிடமும் ஐம்பது லட்சம் கேட்பவரிடமும் ஒரே கட்டுக் காகிதம் கேட்கிறார்கள். இந்த விஷயத்தில் உங்கள் கோபம் நியாயம்.

ஆனால் அவர்களையே நம்பி உட்காராதீர்கள். மொழி, வரலாறு, தத்துவம் இவற்றை மக்களிடம் கொண்டுபோக அமெரிக்காவில் 1965-லேயே அரசு நிதி அமைப்பு ஒன்றைச் சட்டம் போட்டு உண்டாக்கினார்கள். 2025 ஏப்ரலில், கொடுப்பதாகச் சொன்ன மானியங்களையே நூற்றுக்கணக்கில் ரத்து செய்துவிட்டார்கள்.

உங்கள் வீட்டு வரி ரசீதை எடுத்துப் பாருங்கள். 1948-ஆம் ஆண்டுப் பொது நூலகச் சட்டப்படி, சொத்து வரியில் ரூபாய்க்குப் பத்து பைசா நூலக வரியாகப் போகிறது. அதாவது கிளை நூலகத்தின் கூடம் நீங்கள் ஏற்கெனவே காசு கொடுத்த இடம். மாதம் ஒரு மாலை அங்கே நெசவாளரைப் பேச வைக்க அனுமதி கேளுங்கள். பந்தல் செலவு மிச்சம்.

அப்புறம், நம் வடஆற்காட்டுக் கிராமங்களில் பாரதம் நடத்துவதைப் பார்த்திருப்பீர்கள். பகலில் பிரசங்கம், ராத்திரி கூத்து, கடைசி நாள் மண்ணால் செய்த துரியோதனன் படுகளத்தில் மல்லாந்து கிடப்பான். தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று வரி போட்டு, நோட்டுப் புத்தகத்தில் எழுதி, ஊர் கூடிக் கணக்குப் பார்ப்பார்கள். கூத்தாடிகளுக்கு முன்பணம் முதலில் போய்விடும். அந்த நோட்டை ஒருமுறை வாங்கிப் புரட்டிவிட்டு உங்கள் பட்டியலைத் திருத்துங்கள்.

ஒன்று மட்டும் தள்ளிப்போட முடியாது. 1954 இடைத்தேர்தலில் காமராஜர் உங்கள் குடியாத்தத்தில் நின்று ஜெயித்தார். அன்றைக்குப் பத்து வயதில் ஊர்வலத்தின் பின்னால் ஓடிய பையனுக்கு இப்போது எண்பது தாண்டியிருக்கும். அவரைப் பார்க்க ஒரு செல்போனும் ஞாயிற்றுக்கிழமையும் போதும். போய்விட்டு வாருங்கள், விண்ணப்பத்தை அப்புறம் எழுதிக்கொள்ளலாம்.