போருக்குப் பின் அணுவைப் பற்றி விஞ்ஞானிகள் மக்களிடம் பேசியது: கேள்வி பதில்

கேள்வி: அணுகுண்டு எப்படி உருவானது என்பதை மக்களுக்கு முதலில் விளக்கியவர் யார்?

பதில்: பிரின்ஸ்டன் இயற்பியலாளர் ஹென்றி ஸ்மைத். நாகசாகியில் குண்டு விழுந்த மூன்றாம் நாளே, 1945 ஆகஸ்ட் 12 அன்று, அவர் எழுதிய அறிக்கையை அமெரிக்க அரசு வெளியிட்டது. குண்டைத் தயாரித்த மன்ஹாட்டன் திட்டத்தில் பணியாற்றியவர்கள் வெளியில் எதைப் பேசலாம், எதைப் பேசக்கூடாது என்பதற்கு அந்த அறிக்கையே எல்லைக்கோடாகவும் அமைந்தது. அணுக்கருப் பிளவின் (கனமான அணுக்கரு உடைந்து ஆற்றல் வெளிப்படுவதன்) அடிப்படை இயற்பியல் போருக்கு முன்பே ஆய்விதழ்களில் வெளிவந்துவிட்டதால் அதைத் தாராளமாக விளக்கினார்கள். புளுட்டோனியத்தின் வேதியியல், உலோகவியல், குண்டின் வடிவமைப்பு ஆகியவற்றை விட்டுவிட்டார்கள். ஐன்ஸ்டைனின் ஒரு சமன்பாட்டிலிருந்தும் இயற்பியலாளர்கள் சிலரின் மூளையிலிருந்தும் குண்டு பிறந்துவிட்டது என்று இன்றும் பலர் நம்புவதற்கும், குண்டுக்கான யுரேனியமும் புளுட்டோனியமும் தயாரான ஓக் ரிட்ஜிலும் ஹான்ஃபோர்டிலும் உழைத்த வேதியியலாளர்களும் பொறியாளர்களும் தொழிலாளர்களும் அந்தக் கதையில் காணாமல் போனதற்கும் இந்தத் தணிக்கையே பெரிய காரணம் என்பது என் கருத்து.

கேள்வி: ஆய்வுக்கூடத்தில் இருந்தவர்கள் அரசியலில் இறங்கியது ஏன்?

பதில்: 1945 அக்டோபரில் அமெரிக்க நாடாளுமன்றத்துக்கு வந்த மே-ஜான்சன் மசோதா, அணு ஆராய்ச்சியில் ராணுவத்தின் கை ஓங்குவதற்கு வழி செய்ததோடு, ரகசியத்தை மீறுவோருக்குக் கடும் தண்டனையும் விதித்தது. சிகாகோ, லாஸ் அலமோஸ், ஓக் ரிட்ஜ் ஆகிய திட்ட மையங்களின் விஞ்ஞானிகள் சங்கங்கள் அமைத்து வாஷிங்டனுக்குச் சென்று மக்கள் பிரதிநிதிகளைச் சந்தித்தார்கள். இயற்பியலாளர் எட்வர்ட் காண்டன் அணுசக்திக்கான செனட் குழுவின் அறிவியல் ஆலோசகராகவே அமர்ந்தார். முதல் வெடிப்புச் சோதனையின் வெப்பத்தில் பாலைவன மணல் உருகிப் பச்சைக் கண்ணாடியாக இறுகியிருந்தது. அதன் துண்டுகளை லாஸ் அலமோஸ்காரர்கள் பல நகர மேயர்களுக்கு அனுப்பி வைத்தார்கள். எந்தப் பிரசுரத்தையும்விட அது அழுத்தமாகப் பேசியிருக்கும். 1946 ஆகஸ்ட் 1 அன்று கையெழுத்தான சட்டம் பொறுப்பை ராணுவம் சாராத அணுசக்தி ஆணையத்திடம் ஒப்படைத்தது. ஆனால் ரகசியக் காப்பு நீங்கவில்லை: 1950-இல் ஹைட்ரஜன் குண்டு பற்றி இயற்பியலாளர் ஹான்ஸ் பெத்தே எழுதிய கட்டுரைக்காக ‘சயன்டிஃபிக் அமெரிக்கன்’ இதழின் 3,000 பிரதிகளை அதே ஆணையம் எரிக்கச் செய்தது.

கேள்வி: விஞ்ஞானிகள் மக்களை அச்சுறுத்தியது சரியான வழியா?

பதில்: உலகம் ஒன்றுபட்டு அணுவைக் கட்டுப்படுத்தாவிட்டால் அழிவு நிச்சயம் என்று ஐன்ஸ்டைன் தலைமையில் 1946-இல் அமைந்த அணு விஞ்ஞானிகளின் அவசரக் குழு எச்சரித்தது. எச்சரிக்கையில் பொய் இல்லை. ஆயினும் அஞ்சிய மக்களில் பலர் சர்வதேசக் கட்டுப்பாட்டை நாடவில்லை. ரகசியத்தைப் பூட்டி வைக்கவும், எதிரியைவிட அதிகக் குண்டு செய்யவுமே விரும்பினார்கள். அச்சம் எந்தப் பக்கம் திரும்பும் என்பதை விஞ்ஞானிகள் கணிக்கவில்லை.

கேள்வி: பிரிட்டனில்?

பதில்: இயற்பியலாளர் ஜோசப் ராட்பிளாட்டின் முன்முயற்சியில், அரசின் உதவியுடன், இரண்டு பெட்டிகள் கொண்ட கண்காட்சி ரயில் 1947-48-இல் ஊர் ஊராகச் சென்றது. குண்டின் சேதத்தையும் மருத்துவப் பயன்களையும் அருகருகே காட்டிய அதை ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் பார்த்தார்கள். இந்த நிதானமே எனக்குப் பிடித்தது.

கேள்வி: அச்சத்திலிருந்து நம்பிக்கைக்குப் பேச்சு மாறியது எப்போது?

பதில்: 1953 டிசம்பரில் அணுவை அமைதிக்குப் பயன்படுத்துவது பற்றி ஐ.நா. சபையில் அமெரிக்க அதிபர் ஐசனோவர் ஆற்றிய உரைக்குப் பிறகு. 1955 ஆகஸ்டில் ஜெனீவாவில் அதே நோக்கத்துடன் நடந்த ஐ.நா. மாநாட்டில், நீருக்கடியில் நீல ஒளி வீசும் உண்மையான அணு உலையையே அமெரிக்கா காட்சிக்கு வைத்தது. தலைமை வகித்த நம் ஹோமி பாபா, இருபது ஆண்டுகளுக்குள் அணுக்கரு இணைவை (சூரியனில் நடப்பதுபோல் சிறு அணுக்கருக்கள் இணைந்து ஆற்றல் வெளிப்படுவதை) கட்டுப்படுத்தி ஆற்றல் பெறும் வழி கிடைத்துவிடும் என்று அங்கே கணித்தார். அதை நம்பி வளர்ந்த தலைமுறைக்கு 1975 வந்தும் அந்த மின்சாரம் வரவில்லை.