வீட்டு ரேசிங் சிமுலேட்டர்: பெடல் முதலில், வீல் அப்புறம்

நீங்கள் கேட்டிருப்பது இதுதான்: கணினி ஏற்கனவே இருக்கிறது, கையில் 70,000 ரூபாய் இருக்கிறது, அசெட்டோ கோர்சா காம்பெடிசியோனே என்கிற கார் பந்தய விளையாட்டில் ஜிடி3 வகைப் பந்தயக் கார் ஓட்ட வேண்டும், நிஜத்தில் ஓட்டுகிற மாதிரியே இருக்க வேண்டும். பணத்தில் பெரும்பகுதியை ஒரு டைரக்ட் டிரைவ் வீலில் (மோட்டாரின் தண்டிலேயே நேராகப் பூட்டிய ஸ்டீயரிங்) போட்டுவிட்டு, பெடலுக்கு அதோடு செட்டாக வருவதையே வைத்துக்கொள்ளலாமா என்கிறீர்கள்.

வேண்டாம். அப்படியே தலைகீழாகச் செய்யுங்கள். முதலில் லோடு செல் (மிதிக்கிற விசையை அளக்கிற சென்சார்) பிரேக் உள்ள பெடல், அடுத்து அந்தப் பெடலை ஓங்கி மிதித்தாலும் அசையாத ஓர் இருக்கை, மிச்சப் பணத்துக்கு எந்த வீல் வருகிறதோ அது. நான்கு வருடமாக ஓட்டுகிறேன். நானும் முதலில் நீங்கள் யோசித்த வரிசையில்தான் வாங்கினேன், அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

விலை குறைந்த செட்டுகளோடு வருகிற பிரேக் பெடல் பெரும்பாலும் உங்கள் கால் எவ்வளவு தூரம் இறங்கியிருக்கிறது என்பதைத்தான் அளக்கிறது. உள்ளே ஒரு பொட்டென்சியோமீட்டர் இருக்கும், பழைய ரேடியோவில் சத்தம் கூட்டுகிற குமிழுக்குள் இருக்குமே, அதே சமாச்சாரம். லோடு செல் அப்படியில்லை. அது ஒரு சின்ன உலோகக் கட்டை. நீங்கள் மிதிக்கிற விசையில் கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு வளைகிறது, அதன் மேல் ஒட்டியிருக்கிற மெல்லிய பட்டையின் மின்தடை அதற்கேற்ப மாறுகிறது, அதை வைத்து எத்தனை கிலோ அழுத்தினீர்கள் என்று கணினிக்குப் போகிறது. மளிகைக் கடையில் இருக்கிற எலெக்ட்ரானிக் தராசு வேலை செய்வதும் இப்படித்தான்.

இது ஏன் முக்கியம் என்றால் நிஜ காரின் பிரேக்கும் விசையில்தான் வேலை செய்கிறது. பேட் போய் டிஸ்க்கைத் தொட்ட பிறகு பெடல் அதற்கு மேல் பெரிதாக இறங்காது, அங்கிருந்து நீங்கள் கூட்டுவதும் குறைப்பதும் அழுத்தத்தை மட்டுமே. சென்னைக்குப் பக்கத்தில் இருக்கிற இருங்காட்டுக்கோட்டை பந்தய டிராக்கில் ஒரு முறை என் சொந்த காரை ஓட்டிப் பார்க்கிற வாய்ப்பு கிடைத்தது. அன்று காலுக்குள் பதிந்தது பெடல் எத்தனை சென்டிமீட்டர் போனது என்பதல்ல, நேர்ப்பாதை முடிவில் எவ்வளவு பலமாக மிதித்தால் டயர் கீச்சிட ஆரம்பிக்கிறது என்பதுதான். கால் தூரத்தைச் சரியாக நினைவில் வைத்துக்கொள்ளாது, பலத்தை வைத்துக்கொள்ளும். கண்ணை மூடிக்கொண்டு காலை மூன்று சென்டிமீட்டர் நகர்த்திவிட்டு, அதையே இன்னொரு தரம் செய்து பாருங்கள், இரண்டும் ஒத்துப்போகாது. அதே காலால் சுவரை ஒரே பலத்தில் இரண்டு முறை தள்ளுவது அவ்வளவு கஷ்டமில்லை.

இத்தாலியின் மோன்சா டிராக்கில் முதல் வளைவை எடுத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் வித்தியாசம் அங்கேதான் அப்பட்டமாகத் தெரியும். நேர்ப்பாதை முடிவில் கார் மணிக்கு 260 கிலோமீட்டருக்கு மேல் வருகிறது, ரெட்டிஃபிலோ சிக்கேனுக்குள் (அடுத்தடுத்து வருகிற இரண்டு கூர்மையான வளைவு) நுழையும்போது கீழ் கியருக்கு வந்திருக்க வேண்டும். அவ்வளவு வேகத்தில் காற்று காரைத் தரையோடு அமுக்கிப் பிடித்திருக்கிறது, அதனால் முதல் மிதி ஓங்கி விழலாம், டயர் தாங்கும். ஆனால் வேகம் குறையக் குறைய அந்தக் காற்றின் அமுக்கமும் போய்விடுகிறது, நீங்கள் அதே பலத்தில் மிதித்துக்கொண்டே இருந்தால் சக்கரம் பூட்டப் பார்க்கும். ஜிடி3 காரில் சக்கரம் பூட்டாமல் தடுக்கிற ஏபிஎஸ் இருக்கிறது, காப்பாற்றும், ஆனால் ஏபிஎஸ் நிறுத்தாமல் வேலை செய்தபடி இருந்தால் கார் நிற்கிற தூரமும் கூடும், முன் டயரும் திரும்ப மறுக்கும். ஆகவே உச்சத்தில் மிதித்து, உடனே கொஞ்சம் கொஞ்சமாக இளக்கிக்கொண்டே வந்து, வளைவுக்குள் ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது கடைசி ஐந்து, பத்து சதவீதத்தை மட்டும் காலில் வைத்திருக்க வேண்டும். டிரெயில் பிரேக்கிங் என்று எல்லோரும் சொல்வது இதைத்தான். அந்தக் கடைசி பத்து சதவீதத்தைத் தொளதொளப்பான ஸ்பிரிங் பெடலில் தேடிப் பிடிப்பது ரொம்பச் சிரமம், லோடு செல்லில் அது காலுக்குத் தானாகத் தெரியும். பெடலை மாற்றிய வாரமே ஒரு சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் இருந்த வித்தியாசம் எனக்குப் பாதிக்குப் பாதி குறைந்தது. அதிகபட்ச வேகம் கூடியதென்று சொல்ல மாட்டேன், ஆனால் ஒவ்வொரு சுற்றும் ஒரே மாதிரி வர ஆரம்பித்தது, பந்தயத்தில் அதுதானே வேண்டும்.

எந்தப் பெடல் என்றால், உங்கள் பட்ஜெட்டில் முதலில் பார்க்க வேண்டியது த்ரஸ்ட்மாஸ்டரின் டி-எல்சிஎம். பிரேக்கில் 100 கிலோ வரை அளக்கிற லோடு செல், மற்ற இரண்டு பெடலிலும் உரசல் இல்லாத காந்த சென்சார், பிரேக்கின் கடினத்தை மாற்ற வேறு வேறு ஸ்பிரிங்குகள் கூடவே வரும். மோசாவின் எஸ்ஆர்-பி, ஃபனாடெக் சிஎஸ்எல் பெடலுக்கென்று தனியாக விற்கிற லோடு செல் கிட் இரண்டும் அடுத்த தேர்வு. ஹுஸின்க்வெல்ட் போன்ற விலை உயர்ந்த பெடல்கள் வேறு உலகம், பார்த்து ஆசைப்படலாம், இப்போது வேண்டாம். 100 கிலோ என்று பெட்டியில் போட்டிருப்பதைப் பார்த்து மிரள வேண்டாம். ஃபார்முலா 1 ஓட்டுநர்கள் உண்மையிலேயே 100 கிலோவுக்கு மேல் மிதிக்கிறார்கள், அவர்களுக்கு உடம்பை அப்படியே முன்னால் தள்ளுகிற விசை துணைக்கு இருக்கிறது, நமக்கு வீட்டில் அது கிடையாது. 30, 40 கிலோ தாராளமாகப் போதும். டி-எல்சிஎம்மைப் பொறுத்தவரை இன்னொரு வசதி, கணினியில் அது யூஎஸ்பி வழியாகத் தனியாகவே இணையும், வீல் எந்தக் கம்பெனியாக இருந்தாலும் பிரச்சினையில்லை. இந்தப் பிரித்து வாங்குகிற வித்தை கணினியில்தான் நடக்கும். பின்னால் பிளேஸ்டேஷனுக்கோ எக்ஸ்பாக்ஸுக்கோ போகிற எண்ணம் இருந்தால், பெடல் பொதுவாக அதே கம்பெனியின் வீல் பேஸ் (வீலின் மோட்டார் இருக்கிற பெட்டி) வழியாகத்தான் போக வேண்டும், அப்போது இரண்டையும் ஒரே கம்பெனியில் வாங்கிவிடுங்கள்.

கையால் செய்வதில் ஆர்வமுள்ளவராக இருந்தால் பழைய பெடலிலேயே லோடு செல் பொருத்தலாம். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் லோடு செல், அதன் சிக்னலை எண்ணாக மாற்றுகிற எச்எக்ஸ்711 போர்டு, அந்த எண்ணைக் கணினிக்கு அனுப்புகிற ஆர்டுயினோ லியோனார்டோ போர்டு மூன்றும் கிடைக்கும், லியோனார்டோவைக் கணினி நேரடியாக ஜாய்ஸ்டிக்காக எடுத்துக்கொள்ளும். நான் செய்து பார்த்தேன், ஓடியது, ஆனால் பிரேக் எப்போதும் ஒரு கணம் தாமதமாக விழுவது போல இருந்தது. இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்ட பிறகுதான் புரிந்தது, பரவலாக விற்கிற அந்தச் சின்ன பச்சை எச்எக்ஸ்711 போர்டு விநாடிக்கு 10 தடவை மட்டும் அளக்கிற மாதிரிதான் வருகிறது. அந்தச் சிப்பின் ரேட் பின்னை கிரவுண்டிலிருந்து பிரித்து மின்சாரம் வருகிற விசிசி பக்கம் மாற்றிப் பற்றவைத்தால் 80 தடவை. அப்புறம் தாமதம் போய்விட்டது.

இருக்கைக்கு வருவோம், இதை யாரும் முதலில் யோசிப்பதில்லை. சக்கரம் வைத்த ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்து 30 கிலோ மிதித்தால் நாற்காலி பின்னால் ஓடும், மொசைக் தரையாக இருந்தால் பெடல் முன்னால் ஓடும். மேசை, பெடல், நாற்காலி மூன்றும் ஒரே சட்டத்தில் கட்டப்பட்டிருக்க வேண்டும். அலுமினியம் புரொஃபைலில் செய்த ரிக் (இருக்கையும் சட்டமும் சேர்ந்த அமைப்பு) அழகாக இருக்கும், விலையும் அப்படி. நான் சென்னை புதுப்பேட்டையில் ஒரு பழைய கார் சீட்டை அதை முன்னே பின்னே நகர்த்துகிற தண்டவாளத்தோடு வாங்கி, தெரிந்த வெல்டிங் பட்டறையில் ஒன்றரை இன்ச் எம்எஸ் (சாதா எஃகு) ஸ்கொயர் பைப்பில் சட்டம் அடித்துக்கொண்டேன். ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் பட்டறைக்காரரிடம் நின்று சொல்லுங்கள்: பெடல் உட்காருகிற தட்டுக்குப் பின்னால் இரண்டு குறுக்குச் சட்டம் வேண்டும். முதலில் எனக்கு ஒன்றுதான் போட்டிருந்தது, ஓங்கி மிதிக்கும்போது தட்டே ஒரு விரல்கடை பின்னால் சாயும், நீங்கள் மிதித்த பலத்தின் துல்லியத்தை அந்தச் சாய்வு தின்றுவிடும். சட்டம் தயாராகும் வரைக்கும் தற்காலிகமாக வேண்டுமானால் பெடலுக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு மரப்பலகையை அடைகொடுத்து, நாற்காலிச் சக்கரங்களைக் கழற்றிவிட்டு ஓட்டுங்கள்.

வீலில் மூன்று வகை. லாஜிடெக் ஜி29, ஜி923 போன்றவை பற்சக்கரத்தில் ஓடுபவை, சுமார் 2 நியூட்டன் மீட்டர் முறுக்கு விசை. த்ரஸ்ட்மாஸ்டர் டி300 பெல்ட்டில் ஓடுவது, அதைவிட வழவழப்பு, பலமும் கொஞ்சம் கூட. டைரக்ட் டிரைவில் வீல் நேரடியாக மோட்டாரின் தண்டிலேயே பூட்டியிருக்கும், நடுவில் எதுவும் இல்லை: ஃபனாடெக் சிஎஸ்எல் டிடி 5 நியூட்டன் மீட்டர், பெரிய பவர் சப்ளை போட்டால் 8, மோசா ஆர்5 என்றால் 5.5, ஆர்9 என்றால் 9. இந்த எண்ணைக் கையில் உணர ஒரு கணக்கு: 30 சென்டிமீட்டர் விட்டமுள்ள வீலில் 5 நியூட்டன் மீட்டர் என்றால் விளிம்பில் சுமார் மூன்றரை கிலோ இழுப்பு. ஒரு கையில் மூன்றரை கிலோ அரிசிப் பையைப் பிடித்துக்கொண்டு அரை மணி நேரம் ஓட்டுவதாக நினைத்துப் பாருங்கள், போதாது என்று தோன்றாது.

வீலில் நீங்கள் தேட வேண்டியது பலத்தைவிட ஒரு நுணுக்கமான விஷயம். நிஜ காரில் முன் டயர் பிடியை இழப்பதற்குக் கொஞ்சம் முன்னாலேயே ஸ்டீயரிங் கையில் லேசாகும். வளைவில் டயர் தரையைப் பிடிக்கிற விசையின் மையம் சக்கரத்தின் நடுப்புள்ளிக்குச் சற்றுப் பின்னால் இருக்கும், அந்த இடைவெளிதான் ஸ்டீயரிங்கை நேராக்க இழுக்கிறது. டயர் சறுக்க நெருங்கும்போது மையம் முன்னால் நகர்ந்துவிடும், இழுப்பு குறையும். நல்ல சிமுலேட்டர் இதை அப்படியே கொடுக்கிறது. ஆனால் விளையாட்டு அமைப்பில் ஃபோர்ஸ் ஃபீட்பேக்கை (மோட்டார் வீல் வழியாகக் கைக்குக் கொடுக்கிற விசை) 100 சதவீதத்தில் வைத்து, சின்ன மோட்டாரிடம் அதன் சக்திக்கு மேல் கேட்டால், வளைவு முழுக்க ஒரே கனமாக இருக்கும், அந்த லேசாகிற நொடி காணாமல் போய்விடும். கிளிப்பிங் என்பார்கள். அதனால் சின்ன வீலாக இருந்தாலும் 60, 70க்கு இறக்கி வையுங்கள், கை கொஞ்சம் காலியாக இருப்பது போலத் தோன்றும், தகவல் மட்டும் முழுசாக வரும். ஜி29 மாதிரி ஒன்றைச் செகண்ட் ஹேண்டில் வாங்கி இப்படிச் சரிசெய்து ஓட்டுவது, 70,000 ரூபாயில் லோடு செல்லும் நல்ல இருக்கையும் சேர்ந்து கிடைக்கிற வழி. ஆறு மாதம் கழித்து வீலை மட்டும் மாற்றிக்கொள்ளலாம், பெடலும் சட்டமும் அப்படியே இருக்கும்.

வீல் மொத்தம் 900 டிகிரி சுற்றுமா 1080 டிகிரி சுற்றுமா என்று குழம்ப வேண்டாம், ஜிடி3க்கு இரண்டுமே தாராளம், டிரிஃப்ட் (காரைப் பக்கவாட்டில் சறுக்கவிட்டு ஓட்டுவது) செய்வதாக இருந்தால்தான் அது கணக்கு. கிளட்ச் பெடலும் இப்போதைக்குச் சும்மா கிடக்கும், கியர் எல்லாம் ஸ்டீயரிங்குக்குப் பின்னால் இருக்கிற பேடிலில்தான்.

பெடல் வந்ததும் முதல் வாரம் பிரேக்கின் முழு அளவை 25 கிலோவில் வைத்துக்கொள்ளுங்கள், மெல்லிய சாக்ஸ் போதும், ஷூ வேண்டாம், இடது காலால் பிரேக் பிடியுங்கள். முதல் இரண்டு நாள் காலில் சரியான வலி எடுக்கும். தொடை பழகினதும் 35க்கு ஏற்றுங்கள். குதிகால் வைக்கிற இடத்தில் தட்டில் ஒரு டேப் ஒட்டிவிடுங்கள், தினமும் கால் அதே இடத்தில் உட்கார வேண்டும், அரை அங்குலம் மாறினாலும் பிரேக் வேறு மாதிரி இருக்கும்.