கடையை விட்டால்தான் ஊழியமா?

கேள்வி: ரங்கூன் தாம்வேயில் 14 வருடமாக மளிகைக் கடை வைத்திருக்கிறேன். ஆண்டவர் என்னை ஊழியத்துக்கு அழைக்கிறார் என்ற பாரம் மூன்று வருடமாக இருக்கிறது. கடையை மச்சானிடம் ஒப்படைத்துவிட்டு சின் மலைப் பக்கம் போகலாம் என்று யோசிக்கிறேன், மனைவி வேண்டாம் என்கிறாள். கடையில் இருந்துகொண்டு சாட்சி சொல்ல வழியே இல்லை. வருகிறவர்கள் எல்லாம் பர்மாக்காரர்கள், என்னுடைய பர்மா பாஷையோ வெறும் கடை பாஷை. அழைப்புக்குக் கீழ்ப்படியாமல் காலம் கடத்துகிறேனோ என்று பயமாக இருக்கிறது. 200 கைப்பிரதிகள் அனுப்ப முடியுமா?
— பெயர் வேண்டாம், தாம்வே

பதில்: சகோதரரே, உங்கள் கடிதம் மொத்தம் நாலு பக்கம், இடத்துக்காக மேலே சுருக்கியிருக்கிறேன். நாலையும் இரண்டு தடவை படித்தேன். சின் மலைக்கு ஒரு முழுப் பக்கம், மச்சானுக்கு அரைப் பக்கம். மூன்றாம் பக்கத்தின் அடியில் ஒரே ஒரு வரி: "கடையைப் பார்க்க ஒரு பர்மாப் பையன் இருக்கிறான், அவன் அப்பாவுக்கு முன்பணம் கொடுத்துக் கூட்டிவந்தது." அவ்வளவுதான். அவன் பெயர் என்ன? நாலு பக்கத்தில் எங்கேயும் இல்லை.

முதலில் சின் மலை விஷயத்தை முடித்துவிடுவோம். சின் மாநிலத் தலைநகரான ஹாக்காவுக்கு அமெரிக்க பாப்டிஸ்ட் மிஷனரிகள் வந்தது 1899இல். இன்றைக்கு சின் மாநிலத்தில் பெரும்பாலோர் கிறிஸ்தவர்கள், நம் தமிழ்ச் சபைகளுக்கே பாடம் நடத்தக்கூடியவர்கள். இப்போதைய நிலைமையில் அந்தப் பாதை எப்படி இருக்கிறது என்பதும் உங்களுக்குத் தெரியும். இத்தனையையும் தாண்டிப் போய் அங்கே யாருக்கு என்ன சொல்லப் போகிறீர்கள்? தூரமாக இருப்பதாலேயே ஒரு இடம் ஊழிய ஸ்தலமாகத் தெரிகிறது, பக்கத்தில் இருப்பதாலேயே கடை வெறும் கடையாகத் தெரிகிறது. உங்கள் மனைவி வேண்டாம் என்றதை அவிசுவாசம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், அவர் கணக்குத் தெரிந்தவர்.

அழைப்பு வரவில்லையே என்று காத்திருக்கிறவர்களுக்கும் வந்துவிட்டது என்று பெட்டி கட்டுகிறவர்களுக்கும் நான் காட்டுவது மாற்கு 5ஆம் அதிகாரத்தைத்தான். கல்லறைகளில் கிடந்த அந்த மனிதன் குணமானதும் உம்மோடு வருகிறேன் என்று கெஞ்சினான். ஆண்டவர் விடவில்லை, வீட்டுக்குப் போ, உன் ஜனங்களிடம் சொல் என்று அனுப்பிவிட்டார். அப்போஸ்தலர் 8 இன்னும் வேடிக்கை: துன்பம் வந்தபோது எருசலேமில் தங்கியவர்கள் அப்போஸ்தலர்கள், சிதறிப்போய் போகிற வழியெல்லாம் வசனத்தைச் சொன்னவர்கள் பெயரில்லாத சாதாரண ஜனங்கள். அதில் உங்களைப் போல எண்ணெய் அளந்தவர்களும் இருந்திருப்பார்கள், எனக்குச் சந்தேகமே இல்லை. பவுல் கொரிந்துவில் கூடாரம் தைத்துத்தானே சாப்பிட்டார்?

சரி, பாஷை. இதுதான் உங்கள் கடிதத்தில் நியாயமான கவலை. அமெரிக்க மிஷனரி ஜட்சன் ரங்கூனில் வந்து இறங்கியது 1813 ஜூலையில். ஷ்வேடகோன் பகோடாவுக்குப் போகிற பாதையில் ஒரு சாவடி போட்டு, போகிறவர் வருகிறவரைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேச ஆரம்பித்தது 1819 ஏப்ரலில். நடுவில் கிட்டத்தட்ட ஆறு வருடம் பாஷை படித்தார். அந்த ஜூன் மாதம்தான் மவுங் நா என்ற முதல் ஆள் ஞானஸ்நானம் எடுத்தார். முழு வேதாகமத்தையும் பர்மாவில் மொழிபெயர்த்து முடிக்க 1834 ஆகிவிட்டது. நீங்கள் இங்கேயே பிறந்தவர், வெங்காய விலையைப் பர்மாவில் பேரம் பேசுகிறவர். ஆனாலும் படிக்கத்தான் வேண்டும். ஆண்டவரை நினைத்து "பயா அழைக்கிறார்" என்று நீங்கள் சொன்னால் கேட்கிறவருக்குப் புத்தரும் பகோடாவும்தான் நினைவுக்கு வரும். அதனால்தான் பர்மாக் கிறிஸ்தவர்கள் தேவனை "பயா தகின்" என்கிறார்கள். இந்த ஒரு வார்த்தை வித்தியாசம் தெரியாமல் 200 கைப்பிரதி கொடுத்து என்ன ஆகும்?

இதில் நான் ஒன்றும் யோக்கியன் இல்லை. வாலிப வயதில் ரங்கூன் சுற்று ரயிலில் ஏறி, ஒரு சுற்று மூன்று மணி நேரம், எதிரே உட்கார்ந்தவர்களுக்கெல்லாம் பிரசங்கம் செய்தேன். ஒரு பர்மாப் பாட்டி காய்கறிக் கூடையை மடியில் வைத்துக்கொண்டு நான் சொன்னதற்கெல்லாம் தலையாட்டினார். எனக்கு ஒரே சந்தோஷம். அடுத்த ஸ்டேஷனில் கூடையைத் தூக்கிக்கொண்டு இறங்கினார், இறங்கி நேரே பக்கத்துப் பெட்டியில் ஏறிக்கொண்டார். ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அன்றைக்கு நான் அவரிடம் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை, எந்த ஊர், எங்கே போகிறீர்கள் என்றுகூட. கேட்கிறவனுக்குச் சாந்தமாகப் பதில் சொல்லத் தயாராயிருங்கள் என்று பேதுரு எழுதியிருக்கிறார், ஆனால் நம்மிடம் யாராவது எதையாவது கேட்க நாம் எங்கே இடம் விடுகிறோம்?

இப்போது அந்தப் பையன். தெற்கே தவாய் ஊரில் 1828இல் ஞானஸ்நானம் எடுத்த கோ தா பியூ என்ற கரேன் இனத்து மனிதரைப் பற்றி சபையில் கேள்விப்பட்டிருப்பீர்கள். கொள்ளைக்காரராக இருந்தவர், பொல்லாத கோபக்காரர், கடனுக்கு ஆளாகப் பிடிபட்டுக் கிடந்தவர். ஒரு பர்மாக் கிறிஸ்தவர் அந்தக் கடனை அடைத்து அவரை எடுத்துக்கொண்டார், அப்புறம் கோ தா பியூ ஜட்சனிடம் வந்து சேர்ந்தார். வசனம் அவருக்குள் மெதுவாகத்தான் இறங்கியது. ஆனால் கரேன் மக்களிடம் சுவிசேஷம் பரவியதைச் சொல்லும்போது அவர் பெயரைச் சொல்லாமல் இருக்க முடியாது.

எதற்குச் சொல்கிறேன் என்று உங்களுக்கு விளங்கியிருக்கும். உங்கள் கடையிலும் முன்பணத்துக்கு ஒரு ஆள் நிற்கிறான். கடனைத் தள்ளுகிறேன், ஞாயிற்றுக்கிழமை சபைக்கு வா என்று மட்டும் ஆரம்பித்துவிடாதீர்கள், அது வியாபாரம், அதற்கு அவன் மறுப்புச் சொல்லவும் முடியாது, உங்களிடம் சோறு தின்கிறவன். தள்ளுவதானால் சும்மா தள்ளுங்கள். தள்ளிவிட்டு ஆண்டவர் பெயரை அன்றைக்கு எடுக்காதீர்கள். சம்பளத்தைக் கையில் கொடுங்கள். அவன் அப்பா எந்த ஊர், எதற்கு அந்தப் பணம் வாங்கினார் என்று கேளுங்கள். காலையில் அவனைப் பார்த்ததும் "தமின் சா பீபிலா" என்று பர்மாக்காரர் கேட்பதுபோலக் கேட்டுப் பாருங்கள், நம் ஊர் "சாப்பிட்டாச்சா"தான் அது. கால் வீசை எண்ணெய் வாங்க வருகிற அம்மாவுக்கு தராசு சரியாக நிற்கிறதா என்று அவன்தான் தினமும் பக்கத்தில் நின்று பார்க்கிறான், உங்களைப் பற்றிய முதல் கைப்பிரதியை அவன் ஏற்கெனவே படித்துவிட்டான். என்றைக்காவது அவனாக, ஏன் முதலாளி இப்படிச் செய்தீர்கள் என்று கேட்டால் அன்றைக்கு மழுப்பாமல் சொல்லுங்கள், கடை பாஷையே போதும். கேட்காமலே போய்விட்டாலும் கடனைத் திரும்ப எழுதிவைக்காதீர்கள்.

மச்சானிடம் கடையைக் கொடுக்க வேண்டாம். கைப்பிரதிகளையும் இப்போது அனுப்பவில்லை. அதற்குப் பதிலாகப் பர்மா மொழியில் யோவான் சுவிசேஷம் ஒன்று தபாலில் வரும். அது யாருக்கும் கொடுப்பதற்கு இல்லை, நீங்கள் படிக்க. எழுத்துக் கூட்டி வாசிக்கத் திணறினால், கடையிலேயே கற்றுக்கொடுக்க ஆள் இருக்கிறான்.