மேசை பில் முழுவதையும் நீங்கள் ஏன் கார்டில் தேய்க்கிறீர்கள்?

கேள்வி: வயது 28. கடலூர் மஞ்சக்குப்பத்தில் பெற்றோருடன் இருக்கிறேன். புதுச்சேரியில் தனியார் நிறுவன வேலை. கைக்கு 46,000 ரூபாய் வருகிறது. வாரத்தில் மூன்று நாள், அலுவலகத் தோழிகள் மூன்று பேருடன் ஒயிட் டவுனில் ஒரு டெலி சாண்ட்விச் கடையில் மதியச் சாப்பாடு. ஆளுக்கு 600 ரூபாய் ஆகும். ரிவார்டு பாயிண்ட் கிடைக்குமே என்று மொத்த பில்லையும் என் கிரெடிட் கார்டில் தேய்ப்பேன். அவரவர் பங்கை அங்கேயே ஜிபேயில் அனுப்பிவிடுவார்கள், யாரும் பாக்கி வைத்ததில்லை. கார்டுக்கு மினிமம் டியூ, அதாவது மாதம் கட்டியே ஆக வேண்டிய குறைந்தபட்சத் தொகை, ஆட்டோ டெபிட்டில் போகிறது. கையில் இருந்தால் அவ்வப்போது பத்து, பதினைந்தாயிரம் கூடுதலாகக் கட்டுவேன். ஒரு தவணைகூடத் தவறவில்லை. ஆனாலும் பாக்கி 1,18,000 ரூபாய் காட்டுகிறது. சென்னையில் படிக்கும் தம்பி கேட்கும்போது கொஞ்சம் அனுப்புவேன், வேறு பெரிய செலவு இல்லை. மியூச்சுவல் ஃபண்டில் மாதாமாதம் 4,000 ரூபாய் எஸ்.ஐ.பி. போட்டு, அதில் 70,000 சேர்ந்திருக்கிறது. "சாண்ட்விச் தின்னே கடனாளி ஆயிட்டே" என்கிறார் அம்மா. அதை நிறுத்தினால் சரியாகிவிடுமா?

பதில்: ஆகாது. வாரம் மூன்று நாள் 600 ரூபாய் சாப்பாடு உங்கள் சம்பளத்துக்கு அதிகம்தான், மாதம் 7,200 ஆகிறது. அதை ஒரு நாளாகக் குறையுங்கள், மற்ற நாளுக்கு வீட்டிலிருந்து டப்பா எடுத்துப் போங்கள். சாண்ட்விச் பற்றி நான் சொல்ல வேண்டியது அவ்வளவுதான். நல்ல சாவர்டோ ரொட்டியும் சீஸும் வைத்துச் செய்கிற கடையில் விலை அப்படித்தான் இருக்கும். பில்லில் சர்வீஸ் சார்ஜ் என்று தனியாகச் சேர்த்திருந்தால் மட்டும் எடுக்கச் சொல்லுங்கள். அதை உணவகம் தானாகவே சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022இலேயே சொல்லியிருக்கிறது.

உங்களைக் கெடுப்பது சாப்பிட்டு முடித்த பிறகு நடப்பது. பில் வருகிறது, முதலில் நீளுகிற கை உங்களுடையது. 2,400 ரூபாய் கார்டில் போகிறது. அடுத்த நிமிடம் ஜிபேயில் 600, 600, 600 என்று மூன்று முறை வந்து விழுகிறது. எங்கே விழுகிறது? உங்கள் சம்பளக் கணக்கில். மாதத்துக்கு 12 மதியச் சாப்பாடு என்று வைத்தால், கார்டில் ஏறுவது 28,800. கணக்குக்கு வருவது 21,600. 46,000 சம்பளக்காரர் கணக்கில் மாதம் 67,600 நடமாடுகிறது. தம்பி கேட்டதும் அனுப்ப முடிந்தது அதனால்தான். தோழிகள் உங்களை ஏமாற்றவில்லை, தம்பி மேலும் தப்பில்லை. கார்டுக்குப் போக வேண்டிய பணம் சம்பளத்தோடு கலந்து கரைந்துவிட்டது.

இனி கார்டு கணக்கைப் பார்ப்போம். உங்கள் ஸ்டேட்மெண்டைப் பார்த்துச் சரிபார்த்துக்கொள்ளுங்கள், நான் மாதம் 3.5 சதவீதம் என்று போடுகிறேன். 1,18,000க்கு வட்டி 4,130. வட்டி மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. 743. மொத்தம் ஏறக்குறைய 4,870. மினிமம் டியூ 5 சதவீதம் என்றால் நீங்கள் கட்டுவது 5,900. அசலில் கழிவது ஆயிரம் ரூபாய்தான். அதே மாதம் 28,800 புதிதாக ஏறுகிறது.

இன்னொன்றும் இருக்கிறது. முழு பாக்கியையும் கட்டாதவர்களுக்கு அந்த 45, 50 நாள் வட்டியில்லாச் சலுகை கிடையாது. இன்று மதியம் தேய்த்த 2,400க்கு இன்றிலிருந்தே வட்டி. புதிதாக ஏறும் 28,800க்குச் சராசரியாக அரை மாத வட்டி என்றாலும் வரியோடு 595 ரூபாய். நூறு ரூபாய்க்கு ஒரு ரூபாய் என்று தாராளமாகவே கணக்கிட்டாலும் ரிவார்டு பாயிண்ட் 288. தோழிகள் சாப்பிட்டதற்கும் சேர்த்து நீங்கள் வட்டி கட்டிக்கொண்டிருக்கிறீர்கள்.

மாதம் 3.5 என்றால் வருடத்துக்கு 42 சதவீதம். அவ்வளவு வாங்கலாமா என்று கேட்பீர்கள். 30 சதவீதத்துக்கு மேல் கூடாது என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008இல் சொன்னதை உச்ச நீதிமன்றம் 2024 டிசம்பரில் ரத்து செய்துவிட்டது. நீங்கள்தான் வெளியே வர வேண்டும்.

நாளைக்கே மேசையில் கார்டு நீட்டுவதை விடுங்கள். ஆர்டர் கொடுக்கும்போதே "நாலு பில்லா போடுங்க" என்று சொல்லிவிட்டால் யாருக்கும் சங்கடமில்லை. முதல் மாதம் கை வறண்டதுபோல் இருக்கும். அந்த 21,600 உங்கள் வருமானமாக ஒருநாளும் இருந்ததில்லை, இப்போது அது தெரியவரும். தம்பிக்கு மாதத்துக்கு இவ்வளவு என்று ஒரு தொகை முடிவு செய்து, ஒன்றாம் தேதியே அனுப்பிவிட்டு, அதற்கு மேல் இல்லை என்று சொல்லிவிடுங்கள். அக்கா சொன்னால் கேட்டுக்கொள்வான்.

அடுத்து எஸ்.ஐ.பி. 42 சதவீதக் கடனை வைத்துக்கொண்டு ஃபண்டில் பணம் போடுவதை என்னால் ஏற்கவே முடியாது. எந்த ஃபண்டும் வருடா வருடம் அவ்வளவு தராது. அதை நிறுத்துங்கள், 70,000ஐயும் எடுத்துக் கார்டில் கட்டுங்கள். வரிசேமிப்பு ஃபண்டாக இருந்தால் மூன்று வருடம் ஆகாத யூனிட்டுகளை எடுக்க முடியாது. மற்றவற்றில் ஒரு வருடம் ஆகாததற்குப் பெரும்பாலும் 1 சதவீதம் பிடிப்பார்கள். பிடிக்கட்டும்.

மீதி 48,000. அம்மாவிடம் மறைக்காமல் சொல்லி, வங்கியில் நகைக்கடன் வாங்குங்கள். 10 சதவீதம் என்றால் மாத வட்டி 400தான். இதுவரை மினிமம் டியூவுக்குப் போன 5,900, எஸ்.ஐ.பி.க்குப் போன 4,000, இரண்டையும் சேர்த்து நகைக்கடனில் கட்டினால் ஐந்து மாதத்தில் நகை வீட்டுக்கு வந்துவிடும். "பாக்கியை 24 மாத இ.எம்.ஐ. ஆக்கித் தருகிறோம்" என்று கார்டு நிறுவனத்திலிருந்து போன் வரும். பிராசசிங் கட்டணம், வட்டிக்கு மேல் ஜி.எஸ்.டி. என்று அது நகைக்கடனைவிட நிறையவே கூடும். நகை வைக்க வழியே இல்லை என்றால் மட்டும் யோசியுங்கள்.

ஆட்டோ டெபிட்டை 'மினிமம்' என்பதிலிருந்து 'முழுத் தொகை' என்று இன்றே மாற்ற வேண்டாம். சம்பளம் மொத்தமும் போய்விடும். பாக்கி அடைந்த அன்று மாற்றுங்கள். முழுவதும் கட்டிய பிறகும் அடுத்த ஸ்டேட்மெண்டில் கொஞ்சம் வட்டி வரும். ஸ்டேட்மெண்ட் போட்ட தேதியிலிருந்து நீங்கள் கட்டிய நாள் வரைக்கும் உள்ளது அது, பதற வேண்டாம். அதையும் கட்டி, நகையை மீட்ட பிறகு எஸ்.ஐ.பி.யை மறுபடி தொடங்குங்கள்.