கழுத்தில் இருப்பது அழுக்கு அல்ல

குடியாத்தத்திலிருந்து 20 வயதுக் கல்லூரி மாணவி ஒருவர் எழுதியது:

"இரண்டு வருடமாக முகப்பரு. அரிசிதான் காரணம் என்று இணையத்தில் பார்த்துவிட்டுச் சோறு, இட்லி, தோசை எல்லாவற்றையும் நிறுத்திவிட்டேன். காலையில் ஓட்ஸ், மாலையில் பழச்சாறு, இரவில் கேழ்வரகுக் கூழ். மருந்துக்கடையில் கொடுத்த கிரீமைப் போட்டால் பரு அடங்குகிறது, விட்டால் முன்பைவிட அதிகமாக வருகிறது. பொடுகு, போர்வெல் தண்ணீர், உடல் சூடு, எப்போதாவது சாப்பிடும் ஆம்பூர் பிரியாணி என்று எல்லாவற்றின் மீதும் சந்தேகம். கழுத்து வேறு கறுத்துக்கொண்டே போகிறது. அம்மா பீர்க்கங்காய் நாரால் தேய்த்தும் போகவில்லை. அப்பாவுக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது. எனக்கும் வந்துவிட்டதா டாக்டர்?"

பதில்:

பரு வந்தவர்களுக்கெல்லாம் சர்க்கரை நோய் என்றால் வேலூர் மாவட்டத்துக் கல்லூரிகளில் பாதி வகுப்பு என் கிளினிக் வாசலில்தான் நிற்க வேண்டும். பருவை வைத்துச் சர்க்கரையை யாரும் கணிப்பதில்லை. அந்தப் பயத்தை இறக்கி வையுங்கள்.

ஆனால் போகிற போக்கில் கழுத்தைப் பற்றி ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கடிதத்தில் நான் நின்று படித்தது அதைத்தான். முதலில் அந்தப் பீர்க்கங்காய் நாரைக் குளியலறையிலிருந்து எடுத்துவிடச் சொல்லுங்கள். அழுக்காக இருந்தால் ஸ்பிரிட் நனைத்த பஞ்சில் ஒட்டிக்கொண்டு வந்துவிடும். இது தோலே தடித்துக் கறுப்பது. தேய்க்கத் தேய்க்க இன்னும் கறுக்கும். விரலால் மெல்லத் தடவிப் பாருங்கள், வெல்வெட் துணியைத் தொட்டது போல இருக்கும். கழுத்தின் மடிப்புக் கோடுகள் ஆழமாகத் தெரியும். அக்குளிலும் தொடை இடுக்கிலும் இதே கறுப்பு இருக்கலாம். அகாந்தோசிஸ் நிக்ரிகான்ஸ் என்று இதற்குப் பெயர். எலுமிச்சைச் சாறு, சமையல் சோடா எல்லாம் தேய்த்துப் புண்ணாக்கிக்கொண்ட பிறகுதான் பலர் என்னிடம் வருகிறார்கள்.

இதற்குப் பெரும்பாலான நேரம் காரணம் இன்சுலின். உடல் இன்சுலினுக்குச் சரியாகச் செவிசாய்க்காதபோது, கணையம் அதை மேலும் மேலும் சுரக்கிறது. ரத்தத்தில் சர்க்கரை இன்னும் ஏறியிருக்காது. இன்சுலின் மட்டும் ஏறி நிற்கும். அந்த உபரி இன்சுலின் தோல் செல்களைத் தூண்டி வளர வைக்கிறது, கழுத்து கறுக்கிறது. அதே இன்சுலின் சினைப்பையைத் தூண்டி ஆண்மை ஹார்மோனைக் கூடுதலாகச் சுரக்க வைக்கிறது. அந்த ஹார்மோனைக் கட்டிவைக்கும் புரதத்தைக் கல்லீரல் உற்பத்தி செய்வதையும் குறைக்கிறது. கட்டவிழ்ந்த ஹார்மோன் முகத்தின் எண்ணெய்ச் சுரப்பிகளைப் போய்த் தட்டுகிறது. ஆக உங்கள் கழுத்துக்கும் கன்னத்துக்கும் வேர் ஒன்றாகவே இருக்கலாம்.

நீங்கள் எழுதாமல் விட்ட ஒன்றைக் கேட்கிறேன். மாதவிலக்கு ஒழுங்காக வருகிறதா? இரண்டு விலக்குகளுக்கு இடையே 35 நாளுக்கு மேல் போகிறதா? வருடத்தில் எட்டு முறைக்கும் குறைவாக வருகிறதா? பரு கன்னத்தைவிடத் தாடை ஓரத்திலும் முகவாயிலும் அதிகமா? முகவாயில் தடித்த முடி முளைக்கிறதா? கழுத்துக் கறுப்போடு மாதவிலக்கும் தள்ளிப்போனால் பருவத் தேர்வு முடியட்டும், பொங்கல் முடியட்டும் என்று ஒத்திப்போடக் கூடாது. இந்த மாதமே மருத்துவரைப் பார்க்க வேண்டும். குடியாத்தம் அரசு மருத்துவமனையிலேயே தொடங்கலாம். தோல் பிரிவும் மகளிர் பிரிவும் ஒரே இடத்தில் வேண்டுமென்றால் அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. எடை, இடுப்புச் சுற்றளவு, ரத்த அழுத்தம், வெறும் வயிற்றுச் சர்க்கரை, மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி ஆகியவற்றைப் பார்ப்பார்கள். தேவைப்பட்டால் ஹார்மோன் பரிசோதனையும் ஸ்கேனும். நம் ஊர்ப் பெண்களுக்கு இடுப்பு 80 சென்டிமீட்டருக்கு மேல் போனாலே கவனிக்க வேண்டும். வெறும் வயிற்றில் 100 முதல் 125 வரையோ, ஹெச்பிஏ1சி 5.7 முதல் 6.4 வரையோ இருந்தால் அது சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலை. அப்பாவுக்கு இருப்பதால் உங்களுக்கு வாய்ப்பு கூடுதல்தான். ஆனால் திருப்பிவிட முடிகிற நிலை அது.

ஸ்கேனில் சினைப்பையில் 'நீர்க்கட்டி' என்று எழுதி வந்தால் வீட்டில் யாரும் அழ வேண்டாம். அது புற்றுநோய்க் கட்டி அல்ல, அறுத்து எடுக்க வேண்டியதும் அல்ல. பிற்காலத்தில் குழந்தை பிறக்காது என்பதும் பொய். எடை கூடுதலாக இருந்தால் அதில் 5 முதல் 10 சதவீதம் குறைத்தாலே பலருக்கு மாதவிலக்கு ஒழுங்குக்கு வந்துவிடுகிறது.

இனி சாப்பாடு. இணையம் சொன்னதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. அந்தக் கொஞ்சத்தை வைத்துக்கொண்டுதான் ஊரைப் பயமுறுத்துகிறார்கள். ஓர் உணவு ரத்தச் சர்க்கரையை எவ்வளவு வேகமாக ஏற்றுகிறது என்பதை அளப்பது கிளைசீமிக் குறியீடு. குளுக்கோஸுக்கு 100, 55-க்குள் இருந்தால் குறைவு, 70-க்கு மேல் போனால் அதிகம். 2007-ல் வெளிவந்த ஓர் ஆஸ்திரேலிய ஆய்வில், பரு இருந்த 43 இளைஞர்களை இரு பிரிவாக்கி 12 வாரம் பார்த்தார்கள். குறியீடு குறைந்த உணவு சாப்பிட்டவர்களுக்குச் சராசரியாக 23 பருக்கள் குறைந்தன, மற்றவர்களுக்கு 12. இதைச் சொல்கிறவர்கள் இரண்டு விஷயங்களைச் சொல்வதில்லை. முதல் பிரிவினருக்கு எடையும் சுமார் 3 கிலோ இறங்கியிருந்தது. பரு குறைந்தது உணவாலா, எடையாலா என்று பிரித்துச் சொல்வது கடினம். உணவை மாற்றாதவர்களுக்கும் பரு குறைந்திருக்கிறதே, அது இரண்டாவது. பின்னால் கொரியாவில் 10 வாரம் நடந்த சிறிய ஆய்வில் எண்ணெய்ச் சுரப்பிகளே சிறுத்திருந்தன. ஆகவே உணவு துணை செய்யும். மருந்தின் இடத்தை அது பிடிக்காது.

குறியீடு குறைந்த உணவுக்குத்தான் நீங்கள் மாறினீர்களா என்றால், இல்லை. சோற்றை விட்டுவிட்டு, அதே வேகத்தில் சர்க்கரையை ஏற்றும் மூன்றைப் பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள். இரண்டு நிமிடத்தில் கரையும் ஓட்ஸ், சக்கை நீக்கிச் சீனி போட்ட பழச்சாறு, கூழ். கேழ்வரகு நல்ல தானியம். சுண்ணாம்புச் சத்துக்கு அதை மிஞ்ச ஆளில்லை. ஆனால் மாவாக அரைத்துக் குழையக் காய்ச்சிக் குடித்தால் குடலுக்கு வேலையே இல்லை. அதே கேழ்வரகை அளவான ஓர் உருண்டைக் களியாக, கீரைக் கடைசலோ காராமணிக் குழம்போ நிறைய ஊற்றிச் சாப்பிடுங்கள், கதை வேறு. பழத்தைக் கடித்துத் தின்னுங்கள். சோறு திரும்ப வரட்டும், முடிந்தால் புழுங்கல் அரிசி. தட்டில் கால் பங்குக்கு மேல் சோறு வேண்டாம். மீதியில் காய், பருப்பு, முட்டை அல்லது மீன். மாலைப் பசிக்கு ஒரு கைப்பிடி வேகவைத்த மல்லாட்டை (வேர்க்கடலை) போதும், கடைப் பழச்சாற்றை நான் பார்க்கவே விரும்பவில்லை.

தேநீரையும் எண்ணிப் பாருங்கள். நாளைக்கு நான்கு கப், கப்புக்கு இரண்டு கரண்டி சீனி என்றால் 40 கிராம் அங்கேயே போய்விடுகிறது. நாள் முழுவதற்கும் 25 கிராமுக்குள் இருந்தால் நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

பிரியாணி? மாதம் ஒரு முறை ஆம்பூர் பிரியாணி சாப்பிட்டு யாருக்கும் முகம் கெட்டதில்லை. பிரியாணி எண்ணெய் வயிற்றுக்குப் போகிறது, நெற்றி வழியாக வெளியே வருவதில்லை. போர்வெல் தண்ணீர் தோலை வறளச் செய்யலாம், பரு தராது. உடல் சூடு என்ற ஒன்றை அளக்க என்னிடம் கருவி இல்லை. மே மாதம் நம் ஊரில் வருவது வேர்க்குரு, அது வேறு. தலைக்கு வைக்கும் எண்ணெய் நெற்றியில் வழியாமல் பார்த்துக்கொள்ளுங்கள், பொடுகின் மீதான சந்தேகத்தை மறந்துவிடலாம்.

எனக்குக் கோபம் வந்தது கிரீமைப் படித்தபோது. டியூபின் மூலையில் பொடி எழுத்தில் பெட்டாமெத்தசோன், குளோபெட்டசால், மொமெட்டசோன் என்று ஏதாவது இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அது ஸ்டீராய்டு. பருவுக்கும் படைக்கும் சிவப்பழகுக்கும் ஒரே டியூபை எடுத்து நீட்டும் கடைகள் எல்லா ஊரிலும் இருக்கின்றன. மருத்துவர் சீட்டு இல்லாமல் இவற்றை விற்கக் கூடாது என்று 2018-லேயே அரசு விதியைக் கடுமையாக்கியும் ஓயவில்லை. போட்டால் அடங்கி, விட்டால் சீறும் என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான் ஸ்டீராய்டின் அடையாளம். தோல் மெலிந்து, வெயிலில் எரிந்து, சிவந்த ரத்தக் குழாய்கள் தெரிய ஆரம்பிக்கும். பல மாதமாகப் போட்டிருந்தால் நிறுத்தியதும் சில வாரம் மோசமாகும். அதைப் பார்த்துப் பயந்து மறுபடி டியூபைத் திறப்பார்கள். அதனால் தோல் மருத்துவர் கண்பார்வையில் நிறுத்துங்கள். இரவில் பூச அடாபலீன் போன்ற மருந்தை அவர் எழுதினால் 8 முதல் 12 வாரம் பொறுக்க வேண்டும், முதல் வாரத்தில் தோல் உரிந்தது என்று விட்டுவிடாதீர்கள்.

மருத்துவரிடம் போகும்போது அந்த டியூபையும், கடைசி ஆறு மாதவிலக்குத் தேதிகளை எழுதிய தாளையும் எடுத்துச் செல்லுங்கள். பவுடர் போட்டுக் கழுத்தை மறைத்துக்கொண்டு போகாதீர்கள். அவர் பார்க்க வேண்டியதே அதைத்தான்.