வீடியோ கேம்களின் எதிர்காலத்தை மாற்றப்போகும் புதிய தொழில்நுட்பம் எது?

வி.ஆர். (கண்ணில் மாட்டிக்கொண்டு கேமுக்குள்ளேயே இருப்பது போல ஆடுவது), ஏ.ஐ. (செயற்கை நுண்ணறிவு), கிளவுட் (கேம் எங்கோ ஒரு சர்வரில் ஓட, இணையம் வழியாக ஆடுவது) மூன்றையும் போட்டு, இதில் எது என்று கேட்டிருக்கிறீர்கள். கேட்ட விதத்தைப் பார்த்தால் இன்ஜினியரிங் கடைசி வருடம், கேம் செய்யும் வேலைக்குப் போகலாமா என்ற யோசனையில் இருப்பவர் என்று தோன்றுகிறது. அப்படி இல்லையென்றாலும் பரவாயில்லை, படியுங்கள்.

என் பதில் அந்த மூன்றில் ஒன்றும் இல்லை. ஹெட்போன் செருகுகிற 3.5 மி.மீ. ஓட்டை. 2018 செப்டம்பரில் மைக்ரோசாஃப்ட், தன் எக்ஸ்பாக்ஸ் கேம் பெட்டியில் ஊனமுற்றவர்களும் ஆடுவதற்காக, எக்ஸ்பாக்ஸ் அடாப்டிவ் கண்ட்ரோலர் என்று ஒன்றை விற்பனைக்கு விட்டது. தட்டையான வெள்ளைப் பலகை, மேலே உள்ளங்கை அகலத்துக்கு இரண்டு கறுப்பு பட்டன், பின்பக்கம் வரிசையாகப் பத்தொன்பது ஓட்டை. ஒவ்வொரு ஓட்டையும் கண்ட்ரோலரின் ஒரு பட்டனுக்கு. அதில் எந்த ஸ்விட்ச்சைச் செருகினாலும் அந்த பட்டனை அழுத்தியதாகக் கணக்கு. விளம்பரம் செய்கிறேன் என்று யாரும் வந்துவிட வேண்டாம். நான் ஈரோட்டில் இன்வெர்ட்டர், யூ.பி.எஸ். சர்வீஸ் செய்கிறவன். எனக்கு அந்தக் கம்பெனியிலிருந்து ஒரு பைசா வராது.

என் தம்பிக்கு 2017 ஆவணியில் பைக் விபத்து. அப்போது அவனுக்கு 22 வயது, திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசர். தலைக்கு ஒன்றும் ஆகவில்லை, ஹெல்மெட் போட்டிருந்தான். ஆனால் கழுத்திலிருந்து வலது கைக்குப் போகிற நரம்புக் கொத்து பிய்ந்துவிட்டது. கை தோளிலிருந்து கயிறு மாதிரி தொங்கியது.

இங்கே ஒன்று சொல்லியே ஆக வேண்டும், கேள்விக்குச் சம்பந்தமில்லைதான். முதலில் காட்டிய ஆஸ்பத்திரியில், எலும்பு சேர்ந்துவிட்டது, கை தானாக வந்துவிடும், பிசியோதெரபி போதும் என்றார்கள். ஐந்து மாதம் அப்படியே போனது. நரம்பு மாற்று ஆபரேஷன் என்று ஒன்று இருப்பதையும், அதை முதல் சில மாதங்களுக்குள் செய்தால்தான் பலன் என்பதையும் ஒருவரும் சொல்லவில்லை. பிறகு கோயம்புத்தூரில் வேறு டாக்டர் சொல்லித்தான் தெரிந்தது. ஆபரேஷனுக்குப் பிறகு முழங்கை கொஞ்சம் மடங்குகிறது. விரல்கள் இன்றுவரை அசையவில்லை. முன்னாலேயே செய்திருந்தால் விரல் வந்திருக்குமா என்று என்னால் அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் பைக் விபத்துக்குப் பிறகு யாருக்காவது கை தூக்க முடியாமல் இருந்தால் ‘போகப் போகச் சரியாகும்’ என்று உட்கார்ந்திருக்காதீர்கள். நரம்பு பார்க்கிற டாக்டரிடம் உடனே காட்டுங்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். தம்பி ராத்திரி ஆனால் கால்பந்து கேம் ஆடுகிறவன். அவனும் அவன் காலேஜ் நண்பர்கள் நான்கு பேரும் ஆளுக்கொரு ஊரில் இருந்துகொண்டு ஆன்லைனில் ஆடுவார்கள். விபத்துக்குப் பிறகு நண்பர்கள் வீட்டுக்கு வந்தார்கள், பழம் வாங்கி வந்தார்கள், அரை மணி நேரம் பேசிவிட்டுப் போனார்கள். ஆட்டத்துக்கு மட்டும் யாரும் கூப்பிடவில்லை. அவர்கள் மேல் தப்பு இல்லை, எப்படிக் கூப்பிடுவது என்று சங்கடம். இரண்டு கையும் இருப்பவனுக்காக வார்த்த சாமான் சாதாரணக் கண்ட்ரோலர். இடது பெருவிரலுக்கு ஒரு ஸ்டிக், வலது பெருவிரலுக்கு ஒரு ஸ்டிக், நான்கு பட்டன், பின்னால் ஆள்காட்டி விரல்களுக்கு இரண்டு ட்ரிகர்.

‘கை போன பையனுக்கு விளையாட்டுக்குச் செலவா, அந்தக் காசை வைத்தியத்துக்குப் போடலாமே’ என்று இங்கேயும் ஒருவர் கேட்பார், தெரியும். எங்கள் சொந்தத்திலேயே கேட்டார்கள். வைத்தியத்துக்கும் போட்டோம். 23 வயதுப் பையன் ராத்திரி பதினொரு மணிக்குச் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதை மாதக்கணக்கில் பார்த்தவர்கள் அப்படிக் கேட்க மாட்டார்கள்.

2019 தொடக்கத்தில் பெரியப்பா மகன் அமெரிக்காவிலிருந்து வரும்போது அந்த அடாப்டிவ் கண்ட்ரோலரை வாங்கி வந்தார். 100 டாலர், அன்றைக்கு நம் காசில் ஏழாயிரம் ரூபாய். டப்பாவை மேஜையில் வைத்துவிட்டு, பிரிக்க நான் கத்தியை எடுத்தேன். தம்பி வேண்டாம் என்றான். டப்பாவின் ஓரத்தில் வளையம் மாதிரி ஒரு பட்டி இருந்தது. இடது கை விரலை அதில் விட்டு இழுத்தான், ஒட்டு பிரிந்து வந்தது. உள்ளே இன்னொரு வளையம். இழுத்தான், மூடி திறந்தது, கண்ட்ரோலரை நகர்த்தி எடுத்தான். விபத்துக்குப் பிறகு ஷாம்பு பாக்கெட்டிலிருந்து கொரியர் பார்சல் வரை பல்லால் கிழித்துக்கொண்டிருந்தவன் அவன். கையால் முழுக்கப் பிரித்த முதல் டப்பா அதுதான். பல்லை உபயோகிக்காமல் பிரிக்க முடிய வேண்டும் என்று யோசித்தே அந்த டப்பாவைச் செய்திருக்கிறார்கள் என்பது பிறகு தெரிந்தது.

கண்ட்ரோலர் வந்தால் போதாது, செருகுவதற்கு ஸ்விட்ச் வேண்டும். வெளிநாட்டில் அதற்கென்று விற்பவை, ஒன்று வாங்கினாலே ஆயிரக்கணக்கில் ஆகும். ஆனால் ஸ்விட்ச் என்றால் என்ன? இரண்டு ஒயர் தொட்டால் ஆன், விட்டால் ஆஃப். காலிங் பெல் ஸ்விட்ச்சும் அதேதான். வீட்டு வாசலில் இருந்ததைக் கழற்றி, பழைய இயர்போன் ஒயரை வெட்டிச் சால்டர் செய்தேன். இயர்போன் ஒயரின் இழைகளில் வார்னிஷ் பூச்சு இருக்கும், லைட்டரில் லேசாகக் காட்டி எரித்தால்தான் ஈயம் பிடிக்கும். செருகி, தம்பியைக் காலால் அழுத்தச் சொன்னேன். டிவியில் ஆட்டக்காரன் பந்தைத் தட்டினான்.

அம்மா சமையலறையிலிருந்து வந்து, “ஏஞ்சாமி, வாசல்ல ஆரோ கதவத் தட்டறாங்க, பெல்லு அடிக்கலியா?” என்று கேட்டார்கள். பெல் தம்பி காலடியில் இருந்தது.

அதன்பிறகு நன்றாகச் செய்தோம். இயர்போன் ஒயர் இரண்டே நாளில் அறுந்ததால் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டிலிருந்து மோனோ பின்னும் தடித்த ஒயரும் வாங்கி வந்தேன். ஆசாரியிடம் சொல்லி ஒரு ப்ளைவுட் பலகையைச் சாய்வாக அறுத்து, அதில் நான்கு பெல் ஸ்விட்ச். கால் விரலுக்கு ஸ்விட்ச் சின்னதாக இருந்ததால் ஊறுகாய் பாட்டில் மூடிகளை மேலே ஒட்டினோம். பாஸ், ஷாட், த்ரூ பால், ஓட்டம் நான்கும் காலுக்குப் போனது. சாதாரணக் கண்ட்ரோலரை வெல்க்ரோ போட்டு இடது தொடையில் கட்டி, ஆட்டக்காரனை நகர்த்துவதை இடது கை பார்த்துக்கொண்டது. எக்ஸ்பாக்ஸில் 2017இலேயே கோ பைலட் என்ற பெயரில் ஒரு வசதி வந்தது. இரண்டு கண்ட்ரோலரை ஒரே கண்ட்ரோலராக எடுத்துக்கொள்ளும். அது இல்லையென்றால் இதெல்லாம் நடந்திருக்காது.

முதல் வாரம் அவனால் ஈடுகொடுக்க முடியவில்லை. நான் பக்கத்தில் உட்கார்ந்து கையால் இரண்டு மூடிகளை அழுத்திக் கொடுப்பேன். ஒன்பதாவது நாளோ பத்தாவது நாளோ, நண்பர்களோடு ஆடும்போது, திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே “ண்ணா, கைய எடு” என்றான். எடுத்துவிட்டேன். அன்றைக்கு 4-1 என்று தோற்றான். அந்த ஒரு கோல் அவன் காலால் போட்டது. இயர்போனில் நான்கு பேரும் கத்தியது எனக்கே கேட்டது.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். 3.5 மி.மீ. பின் புதுக் கண்டுபிடிப்பு இல்லை. ஊனமுற்றோருக்கான ஸ்விட்ச்சுகள் பல வருடங்களாக அந்தப் பின்னோடுதான் வருகின்றன. நிண்டெண்டோ 1989இலேயே கை இல்லாமல் ஆட ஒன்று செய்தது. மார்பில் மாட்டிக்கொண்டு, தாடையால் ஸ்டிக்கைத் தள்ளி, குழாயில் ஊதியும் உறிஞ்சியும் பட்டனை அழுத்த வேண்டும். நல்ல முயற்சிதான். ஆனால் அந்த ஒரு வடிவத்துக்கு உடம்பு ஒத்துவந்தால்தான் உபயோகம். 2018இல் வந்ததில் வித்தியாசம், உன் உடம்புக்கு எது ஒத்துவருமோ அதை நீயே கொண்டுவந்து செருகு என்று இடம் விட்டதுதான். ஈரோட்டில் ஒரு யூ.பி.எஸ். மெக்கானிக் அதில் பெல் ஸ்விட்ச்சைச் செருகுவான் என்று செய்தவர்கள் நினைத்திருக்கவே மாட்டார்கள். சோனியும் 2023 டிசம்பரில் ஆக்ஸஸ் என்ற பெயரில் ஒன்று கொண்டுவந்தது.

மென்பொருளிலும் இது நடக்கிறது. 2020இல் வந்த தி லாஸ்ட் ஆஃப் அஸ் என்ற கேமின் இரண்டாம் பாகத்தில் இப்படி அறுபதுக்கு மேல் வசதிகள் உண்டு, குறி தானாகப் போய் நிற்பது, கேமரா தானாகத் திரும்புவது உட்பட. பார்வையற்றவர்கள் அதை முழுக்க ஆடி முடித்திருக்கிறார்கள். 2023இல் வந்த ஃபோர்ஸா மோட்டார்ஸ்போர்ட் என்ற கார் ரேஸ் கேமில் வளைவு எங்கே, எப்போது பிரேக் என்று ஒலியாலேயே சொல்லி, கண் தெரியாதவரை கார் ஓட்ட வைக்கிறார்கள். எனக்கு இதெல்லாம், திரையில் வெளிச்சமும் நிழலும் நிஜம் மாதிரி விழ வைக்கிற ரே ட்ரேசிங்கை விடப் பெரியது.

வி.ஆரை நான் மட்டம் தட்டவில்லை. கோயம்புத்தூரில் ஒரு மாலில் தம்பிக்கு மாட்டிவிட்டார்கள். கைக்கு ஒன்றாக இரண்டு கண்ட்ரோலர் கொடுத்தார்கள். வந்த ஆட்டம் வில் அம்பு, ஒரு கையால் பிடித்து மறு கையால் நாண் இழுக்க வேண்டும். கழற்றிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டான். அந்த இடத்தில் ஒரு பட்டனைத் தட்டினால் நாண் இழுபடும் என்று ஒரு வரி சேர்த்திருந்தால் போதும்.

போன மாதம் பவானியில் ஒரு பள்ளிக்கூடப் பையனுக்கு இதே மாதிரிப் பலகை செய்து கொடுத்தோம். அளவெடுத்தது, மூடி எங்கே வர வேண்டும் என்று குறித்தது எல்லாம் தம்பிதான். சால்டரிங் மட்டும் நான். நீங்கள் கேம் செய்கிற வேலைக்குப் போனால், எந்த பட்டனையும் எந்த இடத்துக்கும் மாற்றிக்கொள்ள விடுங்கள், இரண்டு பட்டனைச் சேர்த்துப் பிடிக்கச் சொல்கிற இடத்தில் மாற்று வழி வையுங்கள். செய்துவிட்டு எனக்கு இங்கே செய்தி அனுப்புங்கள். தம்பி ஆடிப் பார்த்து எங்கே இடிக்கிறது என்று எழுதித் தருவான்.