பையன் ஃபுட்பால் கோச் ஆகிறேன் என்கிறான், விடலாமா?

சார், கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கிற பையன் இப்படிச் சொல்கிறான் என்று எழுதியிருக்கிறீர்கள். பதறாதீர்கள். டெக்சாஸில் வெள்ளிக்கிழமை ராத்திரி பள்ளிக்கூட மேட்சுக்கே ஊர் மொத்தமும் மைதானத்தில் உட்கார்ந்திருக்கும். அங்கே வளர்ந்த பையன் காலேஜ் ஃபுட்பால் கோச் ஆகவேண்டும் என்று ஆசைப்படுவதில் ஆச்சரியம் இல்லை. ஊரில் இருக்கும் தாத்தா பாட்டியிடம் மட்டும், இது காலால் உதைக்கிற கால்பந்து இல்லை, பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடுகிற அமெரிக்கன் ஃபுட்பால் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

"அவன் காலேஜ் டீமில் ஆடினதே இல்லையே, யார் வேலை கொடுப்பார்கள்?" என்று கேட்டிருக்கிறீர்கள். ஆடியவர்களுக்கு உள்ளே நுழைவது சுலபம், உண்மைதான். ஆனால் பெயர்பெற்ற கோச் மைக் லீச்சும் காலேஜ் டீமில் ஃபுட்பால் ஆடாதவர். பெப்பர்டைன் யுனிவர்சிட்டியில் சட்டம் படித்துவிட்டு, வக்கீல் தொழிலுக்குப் போகாமல் 1987-ல் கால் பாலி என்ற காலேஜில் உதவிக் கோச்சாகச் சேர்ந்தார், நடுவில் ஃபின்லாந்து வரை போய் ஒரு டீமைப் பார்த்துக்கொண்டார், டெக்சாஸ் டெக் யுனிவர்சிட்டியில் தலைமைக் கோச்சாக முதல் சீசன் ஆரம்பித்தது 2000-ல்.

ஆடியவர்களுக்கு மட்டும் சீக்கிரம் கிடைத்துவிடுகிறதா என்ன? காலேஜில் ஆடிய நிக் சேபன் 1973-ல் கென்ட் ஸ்டேட் யுனிவர்சிட்டியில் கிராஜுவேட் அசிஸ்டெண்ட், அதாவது மேல்படிப்பு படித்துக்கொண்டே கோச்சுகளுக்கு உதவுகிறவர். டொலிடோ யுனிவர்சிட்டியில் தலைமைக் கோச் ஆனது 1990-ல். அதற்குள் சிரக்யூஸ், வெஸ்ட் வர்ஜீனியா, ஒஹாயோ ஸ்டேட், நேவி, மிச்சிகன் ஸ்டேட் என்று காலேஜ் காலேஜாகவும், பிறகு ஹூஸ்டன் ஆயிலர்ஸ் என்ற தொழில்முறை டீமுக்கும் பெட்டி கட்டிக்கொண்டே இருந்தார். ஏழு தேசிய சாம்பியன்ஷிப் எல்லாம் அப்புறம் வந்தவை. உங்கள் பையன் கண்ணில் படுவது அந்த ஏழு, எனக்குக் கவலை அந்தப் பதினேழு வருடம்.

பணத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2023 நவம்பரில் டெக்சாஸ் ஏ அண்ட் எம் யுனிவர்சிட்டி, தன் தலைமைக் கோச் ஜிம்போ ஃபிஷரை ஒப்பந்தம் முடியுமுன் அனுப்புவதற்கே ஏழரைக் கோடி டாலருக்கு மேல் தர ஒப்புக்கொண்டது. அதைப் பார்த்து மயங்கவேண்டாம். தலைமைக் கோச் போனால் அவர் கூட்டிவந்த உதவிக் கோச்சுகளும் பெரும்பாலும் கிளம்பவேண்டியதுதான், அவர்களுக்கு அந்த மாதிரித் தொகையெல்லாம் கிடையாது, பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தை மாற்றி, வாடகை வீட்டைக் காலி செய்து, வேறு மாநிலத்தில் முதலிலிருந்து ஆரம்பிக்கவேண்டும். சீசனில் விடிகாலை போனால் ராத்திரிதான் வீடு, சீசன் முடிந்தால் புது ஆட்களைச் சேர்க்க ஊர் ஊராக அலைச்சல். தீபாவளி சரியாக சீசன் நடுவில் வரும், அதை மறந்துவிடுங்கள்.

சரி, வழி என்ன? கம்ப்யூட்டர் சயின்ஸ் டிகிரியை விடக்கூடாது. டீம்களில் இப்போது டேட்டா பார்க்கிற ஆட்களும் இருக்கிறார்கள், அந்தப் படிப்பு வீண்போகாது. கூடவே அவன் காலேஜ் டீம் ஆபீசில் போய் மாணவர் உதவியாளர் வேலை கேட்கட்டும். பந்து பொறுக்குவதும் ப்ராக்டிஸை வீடியோ எடுப்பதுமாகத்தான் இருக்கும், கௌரவம் பார்க்கக்கூடாது. அங்கே நல்ல பெயர் எடுத்தால் பிறகு கிராஜுவேட் அசிஸ்டெண்ட் இடம் கேட்கலாம், கிடைத்தால் பொதுவாக மாஸ்டர்ஸ் ஃபீஸைக் காலேஜே பார்த்துக்கொண்டு கைச்செலவுக்கும் கொஞ்சம் கொடுக்கும். அது அமையாவிட்டால் பள்ளிக்கூடக் கோச் வேலை இருக்கிறது, டெக்சாஸில் அது பெரும்பாலும் வாத்தியார் வேலையோடு சேர்ந்தே வரும். என்னைக் கேட்டால் அதுவும் குறைந்த வேலை இல்லை.

வரும் ஆகஸ்டில் அந்த மாணவர் உதவியாளர் வேலையில் சேரட்டும். நவம்பர் வரை நீங்கள் வாயைத் திறக்காதீர்கள், அதற்கப்புறம் அவன் என்ன சொல்கிறான் என்று எனக்கு எழுதுங்கள்.